16-லிருந்து 15-க்கு: போலோ ஜிடியில் வீல் எடையைக் குறைத்த வேலை

என்னிடம் இருப்பது 1.2 லிட்டர் டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) இன்ஜினும் ஏழு கியர் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸும் உள்ள ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடி. 105 குதிரைத்திறன், 175 நியூட்டன் மீட்டர் டார்க், ஏறத்தாழ 1,100 கிலோ எடை. சின்ன வண்டி, நல்ல இழுவை. இதன் 16 அங்குல அலாய்களைக் கழற்றிவிட்டு, எடை குறைந்த 15 அங்குல வீல்களை மாட்டியிருக்கிறேன். வீலைப் பெரிதாக்குவதுதான் ஊர் வழக்கம். அதனால் ஏன் இறங்கினேன், எதையெல்லாம் சரிபார்த்தேன், வண்டியில் என்ன மாறியது என்பதை விவரமாக எழுதிவைக்கிறேன். இதே வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்கள் வேறு எதைப் படிக்காவிட்டாலும் போல்ட் பற்றிய பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

ஏன் சின்ன வீல்

வளசரவாக்கத்திலிருந்து கிண்டிக்கு தினமும் ஓட்டுகிறேன். ஆற்காடு சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பத் தொடங்கியதிலிருந்து தடுப்புகளுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் பாதையில்தான் வண்டி ஓடுகிறது. ஒட்டுப் போட்ட தார், பள்ளம், இரும்புத் தகடு, மறுபடி பள்ளம். வெயில் காலத்தில் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கிவிட்டால் எல்லாம் ஒரே மட்டமாகத் தெரியும்.

போன மழையில் அப்படி ஒரு பள்ளத்தில் முன் இடது வீல் இறங்கியது. டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. உள்பக்க ரிம்மில் லேசான பெண்டு. இந்தப் புடைப்பு ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவே டயரின் சுவர் நசுங்கி, உள்ளே ஓடும் நூலிழைகள் அறுந்துபோகின்றன. அறுந்த இடத்தில் காற்று ரப்பரைத் தள்ளுகிறது. அதைப் பஞ்சர் போடுவதுபோலச் சரிசெய்ய முடியாது. டயரை மாற்ற வேண்டியதுதான்.

வண்டியோடு வந்த அளவு 195/55 ஆர்16. அகலம் 195 மி.மீ., அதில் 55 சதவீதம் சுவர் உயரம், அதாவது 107 மி.மீ. அதிலும் ரிம்மின் விளிம்பு 17 மி.மீ. அளவுக்கு மேலே ஏறி நிற்கும், டயரின் மேல்தடிமனும் கொஞ்சம் போகும். அடியை உள்வாங்க நிஜமாக மிஞ்சுவது அதற்குள் இருக்கும் கொஞ்ச இடம்தான். மீதி மூன்று டயர்களும் தேய்ந்துபோகும் கட்டத்தில் இருந்ததால், ஒரு டயரை மட்டும் வாங்குவதற்குப் பதிலாக முழு விஷயத்தையும் மறுபடி யோசித்தேன்.

2013-ல் இந்த ஜிடி முதலில் வந்தபோது 15 அங்குல வீலில்தான் வந்தது. 16 பிற்பாடு வந்தது. ஆகவே வீலுக்குள் அடங்க வேண்டிய பிரேக் டிஸ்க்குக்கு 15 போதும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த விஷயம். அந்தத் தைரியத்தில்தான் கணக்கில் இறங்கினேன்.

டயர் அளவுக் கணக்கு

பழைய டயரின் மொத்த விட்டம் 621 மி.மீ. இதற்குப் பக்கத்தில் வரக்கூடிய 15 அங்குல அளவுகள் நான்கு. 185/60 எடுத்தால் 603 மி.மீ.; மூன்று சதவீதம் குறைகிறது, வண்டி 9 மி.மீ. கீழே இறங்கும். ஸ்பீடு பிரேக்கர் என்ற பெயரில் மேடு கட்டிவைத்திருக்கும் நம் தெருக்களில் அந்த 9 மி.மீ. எனக்கு வேண்டும். 195/65 எடுத்தால் 634 மி.மீ.; இது பெரிதாகிவிடுகிறது, ஸ்பீடோமீட்டர் நிஜ வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும் பக்கம் போகும். 185/65 எடுத்தால் 621.5, விட்டத்தில் கிட்டத்தட்ட அதே. விலையும் மலிவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் எடுத்தது 195/60. விட்டம் 615 மி.மீ., பழையதைவிட ஒரு சதவீதம் குறைவு, வண்டி இறங்குவது வெறும் 3 மி.மீ.

185/65 அவ்வளவு பொருத்தமாக இருக்க ஏன் 195/60 என்று கேட்கலாம். சொகுசு மட்டும்தான் வேண்டும் என்றால் 185/65 தான் சரியான தேர்வு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் அகலத்தை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. இந்த இன்ஜினின் டார்க் முன் வீல்களுக்கு மட்டும்தான் போகிறது. ஈரத் தரையில் அழுத்தினால் 195-லேயே வீல் சுழலப் பார்க்கும். சுவர் உயரமும் 195/60-ல் 117 மி.மீ.; பழையதைவிட 10 மி.மீ. கூடுதல். திருப்பத்தில் டயர் மிகவும் மடங்காமல் இருக்க இது போதுமான நடுவழி.

அளவோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் வரும் சுமைக் குறியீடு. பழையது 87, அதாவது ஒரு டயருக்கு 545 கிலோ. 195/60 ஆர்15-ல் 88, அதாவது 560 கிலோ. இது வண்டியோடு வந்ததைவிடக் குறையவே கூடாது. 185/60 ஆர்15-ல் 84 என்று போட்டது நிறையக் கிடைக்கும். அது 500 கிலோ தான்.

எடை உண்மையில் என்ன செய்கிறது

வீல் எடையைப் பற்றி நம் ஆட்களிடம் ஒரு வாய்ப்பாடு சுற்றிக்கொண்டிருக்கிறது: வீலில் ஒரு கிலோ குறைத்தால் வண்டியில் பத்து கிலோ குறைத்ததற்குச் சமம் என்று. சிலர் நான்கு என்பார்கள். இரண்டுமே கணக்குக்கு நிற்காது. ஓடும் வீல் முன்னே நகர்கிறது, கூடவே சுழல்கிறது. நகர்வதற்கு ஒரு பங்கு சக்தி, சுழல்வதற்கு இன்னொரு பங்கு. ஒரு கிலோ முழுவதும் டயரின் வெளி விளிம்பிலேயே இருந்தால்தான் அது இரண்டு கிலோவாகக் கணக்காகும். ரிம்மில் இருக்கும் ஒரு கிலோ மையத்துக்குக் கிட்டே இருப்பதால் ஏறத்தாழ ஒன்றரை. இரண்டுக்கு மேல் எந்த வழியிலும் போகாது.

என் வீல்களை வீட்டுத் தராசில் நிறுத்தேன். வீலைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, அப்புறம் தனியாக ஏறி நின்று கழித்தால் கிடைத்துவிடும். பழைய வீல் டயரோடு 18.3 கிலோ. புதியது டயரோடு 14.5. ரிம்மை மட்டும் எடுத்தால் 9.7-லிருந்து 6.2 ஆகிறது, டயரில் 300 கிராம் குறைந்தது. நான்கு வீலுக்கும் சேர்த்து 15 கிலோ சொச்சம். சுழற்சியையும் சேர்த்தால் முடுக்கத்துக்கு 22, 23 கிலோ குறைந்த மாதிரி. வண்டி, ஓட்டுபவர் எல்லாம் சேர்ந்த எடையில் இரண்டு சதவீதம். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட பத்து விநாடி எடுக்கும் வண்டியில் ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். வேகத்துக்காக மட்டும் இந்தச் செலவைச் செய்யாதீர்கள் என்று தெளிவாகவே சொல்கிறேன்.

பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்ப்ரிங்குக்குக் கீழே தொங்கும் எடையைப் பாருங்கள். வீல், டயர், டிஸ்க், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர், வீலின் அச்சைத் தாங்கும் நக்கிள் எல்லாம் சேர்த்து முன்பக்கம் ஒரு மூலைக்கு ஏறத்தாழ 35 கிலோ. அதில் கிட்டத்தட்ட 4 கிலோ போய்விட்டது என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மேட்டில் ஏறிய வீலைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவர வேண்டியது ஸ்ப்ரிங்கின் வேலை. அது துள்ளாமல் பிடிப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. இரண்டுக்கும் பாரம் குறைந்துவிட்டது. டயர் தரையை விட்டு எழும் நேரம் குறைகிறது. பிரேக், ஸ்டீயரிங், இழுவை எல்லாமே டயர் தரையில் இருக்கும்போதுதான். ஸ்போர்ட்டி வண்டி என்பதற்கு என்னைப் பொறுத்தவரை அர்த்தமே அதுதான். ஆர்ச்சை, அதாவது வீலுக்கு மேலுள்ள பாடி வளைவை, நிறைக்கும் பெரிய வீல் நிற்கும் வண்டிக்கு அழகு. அதை நான் மறுக்கவில்லை.

வீல் தேடல்

மவுண்ட் ரோடை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வரிசையாக வீல் கடைகள். அங்கே நூற்றுக்கு தொண்ணூறு வீல் 4×100 துளை அளவு. ஸ்விஃப்ட், பலேனோ, ஐ20 எல்லாம் அதுதான். போலோவுக்கு வேண்டியது 5×100. ஐந்து போல்ட், அவை அமரும் வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. இது கொஞ்சம் அரிது. கொஞ்சம் ஆடும் தலை வைத்த போல்ட் போட்டு வேறு துளை அளவு வீலை மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நான் கையோடு எடுத்துப்போனது, விமானப் பயணத்துக்குப் பெட்டியை எடைபோடும் கொக்கித் தராசு. 15 அங்குலம் என்றதும் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

“எல்லாரும் 17 கேட்டு வர்றாங்க சார். 15 போட்டா ஆர்ச்சுல கேப் தெரியும் சார்.”

“தெரியட்டும் அண்ணே. இது எடை எவ்வளவு இருக்கும்?”

“எடையா? அலாய் தானே சார், வெயிட் கம்மியாத்தான் இருக்கும்.”

கொக்கியில் மாட்டித் தூக்கினோம். முதல் வீல் 8.4 கிலோ. பக்கத்திலிருந்த இன்னொரு டிசைன், பார்வைக்கு இதைவிட மெலிந்த ஸ்போக், 9 கிலோவைத் தாண்டியது. அலாய் என்றாலே எடை குறைவு என்பது உண்மையில்லை. அச்சில் ஊற்றி வார்க்கும்போது அலுமினியத்துக்குள் நுண்ணிய காற்றுத் துளைகள் நிற்கும். அதை ஈடுகட்டத் தடிமனாக ஊற்றுகிறார்கள். மலிவான வார்ப்பு அலாய் இரும்பு வீலைவிடக் கனமாக இருப்பதும் உண்டு. அடுத்தபடி ஃப்ளோ ஃபார்மிங். முகப்பை வார்த்துவிட்டு, டயர் உட்காரும் உருளைப் பகுதியைச் சூடாக்கி ரோலரால் அழுத்தி இழுத்து மெலிதாக்குவார்கள். உலோகம் நெருங்குவதால் மெலிந்தாலும் வலு இருக்கும். எடை குறைவதும் வெளி விளிம்பை ஒட்டியே குறைகிறது, அதுதான் நமக்கு வேண்டிய இடம். அதற்கும் மேலே ஃபோர்ஜிங், அதாவது திட அலுமினியத் துண்டைப் பெரும் அழுத்தத்தில் அமுக்கி வீலாக்குவது. ஜப்பானின் ரேஸ் நிறுவனம் 1996-ல் கொண்டுவந்த டிஇ37 வீலின் பெயரிலுள்ள 37, அதன் 15 அங்குல வீல் 3.7 கிலோ என்பதைக் குறிக்கிறது. அதைப் பார்த்துச் செய்த நகல்கள் எல்லாச் சந்தையிலும் கிடைக்கும். முகம்தான் அதே, எடை இல்லை.

என் செலவுக்கு ஃப்ளோ ஃபார்மிங் தான் சரி. 15 அங்குல விட்டம், 6.5 அங்குல அகலம், ஈடி 40. கடைக்காரர் வரவழைத்துக் கொடுத்தார். வந்ததும் அவரே கொக்கித் தராசை வாங்கி மாட்டிப் பார்த்தார். 6.2 கிலோ. “இனிமே நானும் இது ஒண்ணு வாங்கி வெச்சிக்கிறேன் சார்” என்றார். வீலின் பின்பக்கத்தில் ஜேடபிள்யூஎல், விஐஏ என்ற ஜப்பானியத் தர முத்திரைகள் இருக்கின்றனவா, ஒரு வீல் தாங்கும் சுமை எவ்வளவு என்று வார்ப்பிலேயே போட்டிருக்கிறதா என்றும் பார்த்தேன். சுமை எண் இல்லாத வீலை நான் வாங்கமாட்டேன்.

ஈடி என்பது வீலின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் (வீலை மாட்டும் சுழலும் நடுப்பாகம்) ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம், மில்லிமீட்டரில். இந்த எண் 5 குறைந்தால் வீல் 5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பார்வைக்கு அகலமாகத் தெரியும் என்று பலர் குறைத்து வாங்குகிறார்கள். பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை உதறுவதும், வீல் பேரிங் சீக்கிரம் சத்தம் போடுவதும் அங்கிருந்து வரும். பழைய வீலின் பின்னால் போட்டிருந்த எண்ணிலிருந்து ஓரிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது. அகலம் மாறினால் அதில் பாதியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

களிமண் சோதனை

டிஸ்க் 15-க்குள் அடங்கும் என்பது ஒன்று, காலிப்பர் ஸ்போக்கில் உரசாமல் இருப்பது வேறு. ஒரே அளவு வீலிலும் ஸ்போக்கின் பின்பக்க வளைவு டிசைனுக்கு டிசைன் மாறும். இதற்குக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். காலிப்பரின் வெளிமுகத்தில் மேலும் நடுவிலும் இரண்டு உருண்டை, உருளைப் பகுதிக்கு நேரே ஒன்று ஒட்டினேன். டயர் போடாத வெறும் வீலை மாட்டி, போல்ட்டைக் கையால் இறுக்கி, வீலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிக் கழற்றினேன். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் இடைவெளி. ஸ்போக் பக்கம் 5 மி.மீ., உருளைப் பக்கம் அதைவிடத் தாராளம். 3 மி.மீ.க்குக் கீழே வந்திருந்தால் அந்த டிசைனையே விட்டிருப்பேன். இதை டயர் ஏற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டும். டயர் ஏற்றிவிட்டால் எந்தக் கடையிலும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

போல்ட்

இனிதான் முக்கியமான இடம். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் ஹப்பிலிருந்து திருகாணி நீட்டிக்கொண்டிருக்கும், மேலே நட் போடுவோம். ஃபோக்ஸ்வாகனில் ஹப்பில் துளைதான். வீலைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை உள்ளே திருக வேண்டும். அளவு எம்14×1.5. வண்டியோடு வந்த போல்ட்டின் தலைக்குக் கீழே வீலில் அமரும் பகுதி உருண்டையாக, பந்தின் ஒரு துண்டு மாதிரி இருக்கும். கம்பெனி வீலின் துளையும் அதற்கேற்ற கிண்ண வடிவம். வெளியே வாங்கும் அலாய்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவத் துளை. ஒன்றை மற்றதில் போட்டாலும் போகும், இறுகும், ஸ்பேனரும் நிற்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

டயர் மாட்டும் கடையில் பழைய போல்ட்டையே எடுத்து வைத்திருந்தார்கள். “டைட் ஆகுதே சார், என்ன பிரச்சினை?” என்று கேட்ட பையனுக்கு அதே இடத்தில் செய்துகாட்டினேன். பழைய போல்ட்டின் அமரும் பகுதி முழுக்க நீல மார்க்கரால் பூசினேன். புதிய வீலின் துளையில் வைத்து ஸ்பேனரால் லேசாக இறுக்கிக் கழற்றினோம். உருண்டையைச் சுற்றி நூல் கனத்துக்கு ஒரு வளையம் மட்டும் நீலம் அழிந்திருந்தது. அவ்வளவுதான் ஒட்டுகிறது. கூம்பு போல்ட்டில் அதே மாதிரி பூசி இறுக்கிக் கழற்றினால், அமரும் பட்டை முழு அகலத்துக்கும் அழிந்திருந்தது. பையன் இரண்டையும் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்போ போன வாரம் ஒரு வண்டிக்கு...” என்று ஆரம்பித்து, உள்ளே போய் அவருடைய முதலாளியிடம் பேசினார்.

நூல் கனத்தில் ஒட்டினால் என்ன ஆகும்? மொத்த இறுக்கமும் அந்தக் கோட்டின் மேல் விழும். அலுமினியம் அங்கே நசுங்கி உள்வாங்கும். உள்வாங்கிய அளவுக்கு போல்ட்டின் இழுவிசை குறையும். வீலை ஹப்போடு பிடித்துவைத்திருப்பதே அந்த இழுவிசைதான். ஓட ஓட போல்ட் தளரும், வீல் ஆடும், துளை நீள்வட்டமாகும். அதற்கப்புறம் வீல் கழன்று போவதற்கு அதிக தூரம் தேவையில்லை.

நீளத்தையும் பார்க்க வேண்டும். போல்ட்டைக் கையால் திருகும்போது, பிடித்ததிலிருந்து இறுகும் வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணுங்கள். எம்14×1.5-க்கு எட்டுச் சுற்றாவது உள்ளே போனால்தான் எனக்கு நிம்மதி. ரொம்ப நீளமாக இருந்தாலும் தவறு. இந்த வண்டியில் பின்னால் டிரம் பிரேக். போல்ட்டின் முனை ஹப்பைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு பிரேக் பாகங்களில் இடிக்கும். எல்லா போல்ட்டும் போட்டபின் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு வீலைக் கையால் சுற்றிப் பார்த்தேன். எந்தச் சத்தமும் இல்லாமல் சுற்றியது.

வளையம், துரு, இறுக்கம்

போலோ ஹப்பின் நடு மேடு 57.1 மி.மீ. வாங்கிய வீலின் நடுத்துளை 67.1. இடைவெளிக்கு வளையம் போட வேண்டும். பிளாஸ்டிக், அலுமினியம் இரண்டிலும் கிடைக்கும். சென்னைப் போக்குவரத்தில் நின்று நின்று பிரேக் பிடித்துப் போவதில் முன் ஹப் நன்றாகச் சூடாகும். அலுமினிய வளையமே வாங்கினேன். வண்டியின் பாரத்தை இந்த வளையம் தாங்குவதில்லை, அதைப் போல்ட்டின் இறுக்கம் பார்த்துக்கொள்ளும். மாட்டும்போது வீலைச் சரியாக நடுவில் உட்காரவைப்பதுதான் வளையத்தின் வேலை. திருகாணி இல்லாத ஹப்பில் வீலைக் கையால் தாங்கிக்கொண்டு போல்ட் தேட வேண்டியிருப்பதால் இது இன்னும் அவசியம்.

பழைய வீல் முன்பக்கம் ஹப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கடல் காற்று படும் ஊரில் இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படித்தான். டயரின் பின்பக்கத்தில் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டியதில் விட்டது. ஹப் முகத்தில் படிந்திருந்த துருவைக் கம்பி பிரஷால் பளிச்சென்று தேய்த்தேன். இந்தத் துருப் படலம் மேல் வீல் உட்கார்ந்தால் வீல் சற்றே சாய்ந்து நிற்கும். அப்புறம் எத்தனை தரம் பேலன்ஸிங் செய்தாலும் நடுக்கம் போகாது. நடு மேட்டில் மட்டும் மெல்லிய கிரீஸ். போல்ட்டின் மரையில் எண்ணெயோ கிரீஸோ போடக்கூடாது. மரை வழுக்கினால் அதே ஸ்பேனர் அளவுக்கு போல்ட் மேலும் இழுபடும்.

பேலன்ஸிங்கில் ஒட்டும் வெயிட்டுகளை உருளையின் உட்புறம் ஒட்டுவார்கள். அவை காலிப்பருக்கு நேரே வராதபடி இடம் மாற்றி ஒட்டச் சொன்னேன். இறுக்கும்போது ஏர் கன் வேண்டாம் என்றேன். முதலில் ஐந்தையும் கையால், பிறகு ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் ஸ்பேனர், வண்டியை இறக்கியபின் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீட்டர். புதிய வீலின் துளையில் பூச்சு இருக்கும், அது அமுங்கும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ரெஞ்ச் வைத்தபோது இரண்டு போல்ட் கொஞ்சம் நகர்ந்தன. அலைன்மென்ட்டையும் அன்றே பார்த்தோம். பள்ளத்தில் விழுந்ததில் டோ (வீல்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் கோணம்) மாறியிருந்தது, சரிசெய்தாயிற்று.

ஓட்டிப் பார்த்ததில்

முதல் வித்தியாசம் காதில் விழுந்தது. தார் ஒட்டுகளின் விளிம்பில் முன்பு ‘டக்’ என்று கேட்டது இப்போது அடங்கி ‘தொப்’ என்று கேட்கிறது. போரூர் பக்கம் வரிசையாக வரும் சின்னச் சின்ன மேடுகளில் ஸ்டீயரிங்கில் வந்த உதறல் பாதியாகிவிட்டது. நல்ல சாலையில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியாது. மோசமான சாலையில், அதுவும் 40, 50 வேகத்தில், வேறு வண்டி மாதிரி இருக்கிறது. திருப்பத்தின் நடுவே பள்ளம் வந்தால் முன்பு முன்பக்கம் ஒரு எட்டு வெளியே தாவும்; இப்போது கோட்டிலேயே போகிறது. இந்த ஒன்றுக்காகவே செய்த செலவு சரி என்று நினைக்கிறேன்.

இழந்ததும் உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பிய மறுகணம் மூக்கு திரும்பும் கூர்மை சற்றே மழுங்கியிருக்கிறது. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது அது தெரிந்தது. வளைவுக்குள் நுழையும் முதல் நொடியில் டயர் சாய்ந்து நிலைகொள்ள ஒரு மூச்சு நேரம் எடுக்கிறது. நிலைகொண்டபின் பிடிப்பில் குறை இல்லை. காற்றை 32-லிருந்து 34 பிஎஸ்ஐ ஆக்கினால் அந்த மழுக்கம் குறைகிறது. ஊருக்குள் மறுபடி 32. காற்றைக் காலையில், வெயில் ஏறுவதற்குள் பாருங்கள். டயர் 5, 6 டிகிரி சூடானாலே ஒரு பிஎஸ்ஐ ஏறிவிடும், சித்திரை வெயிலில் மதியம் பார்க்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. புது டயர் வாங்கும்போது பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் குறிக்கும்.

மைலேஜில் சொல்லும்படி எதுவும் மாறவில்லை. விட்டம் ஒரு சதவீதம் குறைந்ததால் ஓடோமீட்டர் அந்த அளவுக்குக் கூட்டிக் காட்டும் என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். முடுக்கத்தில், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டிஎஸ்ஜி கொஞ்சம் இலகுவாகப் பிடிக்கிற மாதிரி இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் அவ்வளவுதான் இருக்க வேண்டும்.

ஸ்டெப்னி பழைய இரும்பு வீல்தான். அதன் துளை உருண்டை போல்ட்டுக்கானது. அதனால் பழைய போல்ட்டில் ஐந்தை ஒரு துணிப்பையில் போட்டு ஸ்டெப்னியின் நடுவிலேயே வைத்து, பையின் மேல் ‘ஸ்டெப்னிக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கிறேன். வண்டியை வீட்டில் வேறு யாராவது எடுத்துப்போனாலும் நடுரோட்டில் குழம்பக்கூடாது. இன்ஷூரன்ஸுக்கும் வீல், டயர் அளவை எழுதித் தெரிவித்து, பில்லையும் இணைத்து அனுப்பிவிட்டேன்.

பலேனோ ஆர்எஸ், ஐ20 என் லைன் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இரண்டிலும் அளவு இதே 195/55 ஆர்16. இரண்டின் கீழ்நிலை மாடல்களிலும் 185/65 ஆர்15 வருவதால் டயர் தேடி அலைய வேண்டாம், ஸ்பீடோமீட்டரும் மாறாது. துளை 4×100, நடுமேடு 54.1 மி.மீ. ஆனால் இந்த இரண்டு வண்டிகளிலும் பின்னாலும் டிஸ்க் பிரேக். கீழ்நிலை மாடலுக்கு 15 பொருந்துகிறது என்பதை மட்டும் நம்பி வாங்காமல், களிமண்ணைப் பின் காலிப்பரிலும் ஒட்டிப் பாருங்கள். நட்டை வாங்கும்போது மரையையும் சொல்லி வாங்குங்கள். ஹூண்டாய்க்கு எம்12×1.5, சுஸுகிக்கு எம்12×1.25. மாறிப்போன நட்டும் முதல் சில சுற்று போகும். கையால் திருகும்போது இடையில் பிடித்தால் அதற்கு மேல் ஸ்பேனர் வைக்காதீர்கள்.